முதல் 2048 பைட்டுக்கு ஏன் காவல்?

அம்பாசமுத்திரத்திலிருந்து, இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணாச்சி, மாமா லண்டனிலிருந்து வரும்போது கொண்டு வந்த பழைய அட்டாரி 520 எஸ்டி எங்கள் வீட்டு மச்சில் கிடந்தது. துடைத்து ஓட வைத்துவிட்டேன். அசெம்பிளியில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி, 1210-ஆம் முகவரியில் இருக்கும் கடிகார எண்ணைப் படிக்கப் பார்த்தேன். திரையில் இரண்டு குண்டுப் படங்கள் வந்து புரோகிராம் நின்றுவிடுகிறது. 2048-க்கு மேலே மெமரியில் எங்கே படித்தாலும் ஒன்றும் ஆவதில்லை. அடியில் மட்டும் ஏன் இந்தக் காவல்? அந்தக் காலத்து மற்ற வீட்டுக் கம்ப்யூட்டர்களிலும் இது உண்டா? ஒரு 68000 சிப் வாங்கி வைத்திருக்கிறேன். நானே செய்யப்போகும் போர்டில் இதைச் சேர்க்க முடியுமா?"

மூன்று கேள்விக்கும் சுருக்கமான பதில் முதலில். உங்கள் புரோகிராமில் தப்பு இல்லை. எஸ்டியில் 0 முதல் 2047 வரை உள்ள பைட்டுகளை சூப்பர்வைசர் மோடில், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கான முழு அதிகார நிலையில், ஓடும் கோட் மட்டும்தான் தொட முடியும். உங்கள் புரோகிராம் சாதாரண புரோகிராம்களுக்கான யூசர் மோடில் ஓடுகிறது. அந்தத் தலைமுறை வீட்டுக் கம்ப்யூட்டர்களில் அநேகமாக எதிலும் இப்படி ஒரு காவல் கிடையாது. உங்கள் போர்டில் இதைத் தாராளமாகச் சேர்க்கலாம், ஒரே ஒரு சின்ன சிப் போதும். இனி விவரமாகப் பார்ப்போம்.

எஸ்டியின் பிராசசரான 68000-க்கு மெமரியின் அடிப்பகுதிதான் தலைமடை. நம் ஊரில் தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனம் பார்த்து வளர்ந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தலைமடையில் யாரோ ஒருவர் தெரியாமல் பலகையைத் தூக்கிவிட்டால் கடைமடை வயல்காரருக்கு நான்கு நாள் கழித்துத்தான் தண்ணீர் வரவில்லை என்று தெரியும். எங்கே தப்பு நடந்தது என்று அவரால் கண்டுபிடிக்கவே முடியாது. 68000-இல் 0 முதல் 1023 வரை உள்ள 1024 பைட்டும் வெக்டர் அட்டவணை: ஒவ்வொன்றும் 4 பைட் கொண்ட 256 முகவரிகள். வெளியிலிருந்து குறுக்கிடும் சிக்னலான இன்டரப்ட் வந்தால் எங்கே போக வேண்டும், பூஜ்யத்தால் வகுத்தால் எங்கே போக வேண்டும், ட்ராப் கட்டளை வந்தால் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் எங்கே நுழைய வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் எழுதியிருக்கிறது. எஸ்டியில் ஃபைல் வேலைகளைப் பார்க்கும் ஜெம்டாஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டப் பகுதியின் சேவைக்கான ட்ராப் 1-இன் முகவரி 132-இல் இருக்கிறது. அந்த 4 பைட்டில் ஒன்று கெட்டாலும், அடுத்து யார் ஃபைல் திறக்கக் கேட்டாலும் இயந்திரம் தொலைந்தது.

1024-க்கு மேலே எஸ்டி தன் சிஸ்டம் மாறிகளை வைத்திருக்கிறது. நீங்கள் தேடிப்போன 1210 அவற்றில் ஒன்று. ஒரு விநாடிக்கு 200 தடவை கூடிக்கொண்டே போகும் எண் அது. 1070-இல் மெமரி எங்கே முடிகிறது என்ற குறிப்பு இருக்கும். 1062-இல் ஹெக்ஸில் (16-ஐ அடியாகக் கொண்ட எண்முறையில்) 31415926 என்று எழுதிவிட்டு 1066-இல் ஒரு முகவரியை வைத்தால், ரீசெட் பொத்தானை அழுத்தும்போது இயந்திரம் முதலில் அந்த முகவரிக்குத்தான் போகும். பை எண்ணின் முதல் எட்டு இலக்கங்களைச் சாவியாக வைத்திருக்கிறார்கள். முதன்முதலில் அதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம், இன்றைக்கும் அந்த எண்ணைப் பார்த்தால் முகம் மலர்ந்துவிடும்.

சரி, காவல் எப்படி நடக்கிறது? 68000 சிப் ஒவ்வொரு முறை மெமரியைத் தொடும்போதும், முகவரியோடு சேர்த்து மூன்று கால்களில் ஒரு குறிப்பும் வெளியே அனுப்பும். எஃப்சி0, எஃப்சி1, எஃப்சி2 என்று அவற்றுக்குப் பெயர். யூசர் டேட்டா என்றால் 001, யூசர் புரோகிராம் என்றால் 010, சூப்பர்வைசர் டேட்டா 101, சூப்பர்வைசர் புரோகிராம் 110, இன்டரப்டை ஏற்றுக்கொள்ளும் நேரம் 111. உற்றுப் பார்த்தால் எஃப்சி2 ஒன்றே போதும் என்பது புரியும். அது 1 என்றால் சூப்பர்வைசர், 0 என்றால் யூசர். அட்டாரியின் க்ளூ என்ற சிப் இதைப் பார்க்கிறது. முகவரி 2048-க்குக் கீழே, எஃப்சி2-வும் 0 என்றால், 'இந்த முகவரியைத் தொட முடியாது' என்று பிராசசருக்குச் சொல்லும் பஸ் எரர் காலை இழுத்துவிடுகிறது. பிராசசர் உடனே அந்த வேலையைக் கைவிட்டு, 2-ஆம் எண் வெக்டருக்குத் தாவுகிறது. உங்கள் திரையில் இரண்டு குண்டு வந்ததற்குக் காரணம் அந்த 2-தான். ஒற்றைப்படை முகவரியில் வேர்ட் (2 பைட்) படித்திருந்தால் அது அட்ரஸ் எரர், 3-ஆம் வெக்டர், மூன்று குண்டு. தெரியாத கட்டளை என்றால் நான்கு. எண்ணிப் பார்த்தாலே நோய் தெரிந்துவிடும்.

எஸ்டியில் எம்எம்யூ என்றே ஒரு சிப் இருப்பதால் பலர் காவலை அதுதான் செய்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். அது வெறும் ராம் கன்ட்ரோலர். முகவரி மாற்றமும் செய்யாது, பக்கங்களைப் பூட்டவும் பூட்டாது.

இன்னொரு விஷயம், முதல் 8 பைட். பவர் போட்டவுடன் 68000 முதலில் 0-இல் ஸ்டாக் (தற்காலிகக் குறிப்புகளை அடுக்கி வைக்கும் மெமரிப் பகுதி) முகவரியையும் 4-இல் தொடங்க வேண்டிய இடத்தையும் படிக்கும். அங்கே ராம் இருந்தால் குப்பைதான் இருக்கும். அதனால் எஸ்டியில் அந்த 8 பைட்டுக்கு மட்டும் ராம் தோன்றாமல் ராமின் இடத்தில் ரோம் தோன்றும்படி செய்திருக்கிறார்கள், அதுவும் நிரந்தரமாக. சூப்பர்வைசர் மோடில் இருந்துகொண்டே அங்கே எழுதப் பார்த்தாலும் பஸ் எரர்தான். அதாவது பூஜ்ய முகவரியில் எழுதுவது எஸ்டியில் யாராலும் முடியாது. இது எவ்வளவு பெரிய உதவி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கடிகாரத்தைப் படிக்க முறையான வழி, எஸ்டியின் இன்னொரு சிஸ்டம் பகுதியான எக்ஸ்பயாஸின் 38-ஆம் சேவை. சூப்எக்ஸெக் என்று பெயர். உங்கள் சின்ன ரொட்டீனின் முகவரியைக் கொடுத்தால், அதை சூப்பர்வைசர் மோடில் ஓட்டிவிட்டு உங்களை மறுபடி யூசர் மோடுக்கே கொண்டு வந்து விட்டுவிடும். ரொட்டீனுக்குள் 1210-ஐப் படித்து, உங்கள் சொந்த மாறி ஒன்றில் போட்டுவிட்டுத் திரும்புங்கள். அதற்குள்ளேயே ஃபைல் வேலை, திரை வேலை எல்லாம் வைக்காதீர்கள். ஜெம்டாஸின் 32-ஆம் சேவையான சூப்பரைக் கூப்பிட்டு நீங்களே சூப்பர்வைசர் மோடுக்குப் போய்த் திரும்பி வரவும் முடியும். ஆனால் அதில் பழைய ஸ்டாக் முகவரியைப் பத்திரமாக வைத்திருந்து திருப்பித் தர வேண்டும். மறந்தால் வெளியே வரும்போது விழுவீர்கள். கற்றுக்கொள்ளும் காலத்தில் சூப்எக்ஸெக் போதும்.

குண்டு வந்த பிறகு என்ன நடந்தது என்று பார்க்கவும் வழி உண்டு. இயந்திரத்தை அணைத்துவிடாமல், 896-ஆம் முகவரியைப் பாருங்கள். ஹெக்ஸில் 12345678 என்று இருந்தால், கடைசியாக விழுந்த புரோகிராமின் விவரங்கள் அங்கே நல்லபடியாகச் சேமிக்கப்பட்டிருக்கின்றன என்று அர்த்தம். 900-இலிருந்து எட்டு டேட்டா ரெஜிஸ்டர்கள், 932-இலிருந்து எட்டு அட்ரஸ் ரெஜிஸ்டர்கள், 964-இன் முதல் பைட்டில் எக்ஸெப்ஷன் எண் (விழுந்தபோது தாவிய வெக்டரின் எண்), 972-இலிருந்து சூப்பர்வைசர் ஸ்டாக்கின் 16 வேர்டுகள். இதுவும் காவலுக்குள் இருக்கும் இடம்தான், ஆகவே இதையும் சூப்எக்ஸெக் வழியாகத்தான் படிக்க வேண்டும். தப்பு செய்த புரோகிராமே தன் தப்பின் தடயத்தை அழிக்க முடியாத இடத்தில் அதை வைத்திருக்கிறார்கள். நன்றாக யோசித்துச் செய்த வேலை.

இப்போது நீங்கள் கேட்கலாம்: யார் வேண்டுமானாலும் சூப்பர் சேவையைக் கூப்பிட்டு உள்ளே போகலாம் என்றால் இது என்ன காவல்? திருடனைத் தடுக்கும் காவல் இல்லை, உண்மைதான். 1985-இல் ஒரு வீட்டில் ஒருவர் உட்கார்ந்து ஓட்டும் கம்ப்யூட்டரில் திருடன் என்ற பேச்சே பெரிதாக இல்லை. தடுக்க வேண்டியிருந்தது கைத்தவறை. வேண்டுமென்று உள்ளே போகிறவர் கேட்டுவிட்டுப் போகட்டும், தெரியாமல் கால் வைப்பவர் அந்த இடத்திலேயே தடுக்கி நிற்கட்டும் என்பதுதான் ஏற்பாடு.

கைத்தவறில் முக்கால்வாசி நல் பாயின்டர், அதாவது எதையும் சுட்டாமல் பூஜ்யமாக இருக்கும் முகவரி. பாளையங்கோட்டையில் நான் சி மொழி சொல்லிக் கொடுத்த வருடங்களில் மாணவர்களிடம் அதிகம் பார்த்த தப்பும் அதுதான். மெமரி கேட்டு வாங்கும் சேவை 'இல்லை' என்று பூஜ்யத்தைத் திருப்பித் தந்திருக்கும், அதைப் பார்க்காமல் அங்கே போய் எழுதிவிடுவார்கள். பூஜ்யத்திலேயே எழுதுவார்கள் என்றும் இல்லை. ஒரு ஸ்ட்ரக்சரின் நடுவில் உள்ள உறுப்பு என்றால் 12-லோ 300-லோ போய் விழும். எஸ்டியில் 2048 பைட் முழுக்கக் காவல் இருப்பதால் அந்த எழுத்தும் பிடிபடும். சும்மா படித்தாலே பிடிபடும். தப்பு நடந்த அதே கட்டளையில், அதே கணத்தில் புரோகிராம் நிற்கும்.

டாஸ் காலத்து டர்போ சி-யில் என்ன ஆனது என்று உங்கள் கல்லூரியின் பழைய லேப் அண்ணனைக் கேளுங்கள். புரோகிராம் முழுக்க ஓடி முடிந்து, விடையெல்லாம் அச்சாகி, கடைசியில் 'நல் பாயின்டர் அசைன்மென்ட்' என்று ஒரு வரி வரும். டேட்டா செக்மென்டின் ஆரம்பத்தில் நிறுவனத்தின் பெயர் வரியை வைத்துவிட்டு, முடிவில் அது மாறியிருக்கிறதா என்று பார்க்கும் ஏற்பாடு அது. டேட்டா எல்லாம் ஒரே செக்மென்டில் அடங்கும் ஸ்மால் மாடலில் அது ஓரளவு உதவியது. ஆனால் எந்த வரியில் தப்பு என்று சொல்லாது, எழுதினால்தான் தெரியும், படித்தால் தெரியாது. செக்மென்டைத் தாண்டியும் சுட்டும் ஃபார் பாயின்டராக இருந்தால் நல் என்பது நேரே பிசியின் இன்டரப்ட் அட்டவணை. பிசியின் பிராசசரான 8086-க்கும் அடியில் 1024 பைட் வெக்டர் அட்டவணைதான், காவல் எதுவும் இல்லை. பிசியின் கடிகார எண் 1132-இல், விநாடிக்குச் சுமார் 18.2 தடவை கூடும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், யார் வேண்டுமானாலும் கெடுக்கலாம்.

கடிகாரத்தை வைத்தே மற்ற இயந்திரங்களையும் பார்த்துவிடுவோம். அநேகமாக எல்லாவற்றிலும் இப்படி ஓடும் எண் ஒன்று இருந்தது. அது எங்கே இருந்தது, யார் தொடலாம் என்பதைப் பார்த்தால் அந்த இயந்திரத்தைக் கட்டியவர்களின் மனசு தெரியும்.

நான் முதலில் தொட்டது பிபிசி மைக்ரோ. 1984-இல் மத்திய அரசு பள்ளிகளுக்காகக் கொண்டு வந்த கிளாஸ் திட்டத்தில் வந்த இயந்திரம். எங்கள் பள்ளிக்கு அது வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, குளிரூட்டிய அறைக்குள் மூன்று பேருக்கு ஒன்று என்று உட்கார்ந்த அந்த நாள் இன்னும் கண்ணில் இருக்கிறது. உள்ளே 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502, 32 கேபி ராம். 6502-க்கு முதல் 256 பைட், அதாவது ஜீரோ பேஜ், பிராசசரின் இன்னொரு கை மாதிரி. அடுத்த 256 பைட் ஸ்டாக். அதற்கடுத்த பக்கத்தில் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் வெக்டர்களும் மாறிகளும். இப்படியே 3584 வரை சிஸ்டத்தின் இடம், டிஸ்க் வைத்தால் 6400 வரை. காவல் எதுவும் இல்லை, 6502-இல் யூசர், சூப்பர்வைசர் என்ற பேச்சே கிடையாது. ஜீரோ பேஜில் 112 முதல் 143 வரை 32 பைட்டை மட்டும் 'இது உனக்கு' என்று பேசிக் நமக்கு விட்டு வைத்திருந்தது. மற்றதெல்லாம் நாம் பார்த்து நடந்துகொள்ள வேண்டிய இடம்.

நான் நடந்துகொள்ளவில்லை. ஒரு அட்டவணையைப் பூஜ்யமாக்க லூப் எழுதினேன், தொடக்க முகவரியைச் சேர்க்க மறந்துவிட்டேன். லூப் பூஜ்யத்திலிருந்து பைட் பைட்டாக அழித்துக்கொண்டு போனது. பேசிக் தான் எந்த வரியில் நிற்கிறது என்பதையே ஜீரோ பேஜில்தான் குறித்து வைத்திருக்கும், அது அழிந்தவுடன் எல்லாம் உறைந்துவிட்டது. ஒரு செய்தியும் இல்லை, சத்தமும் இல்லை. என் கூட இருந்த இரண்டு பேரும் இயந்திரத்தை நான் உடைத்துவிட்டதாகவே நினைத்தார்கள், எனக்கும் கை நடுங்கிவிட்டது. ஆசிரியர் வந்து பிரேக் அழுத்தி, ஓல்ட் என்று அடித்தார். புரோகிராம் முழுசாகத் திரும்பி வந்தது. புரோகிராம் மேலே வேறு இடத்தில் பத்திரமாகத்தான் இருந்தது. மெமரியின் அடியில் என்னதான் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

ஆனால் பிபிசி மைக்ரோவைக் கட்டிய ஏகார்ன்காரர்கள் காவலை வேறு ரூபத்தில் யோசித்திருந்தார்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. கடிகார எண்ணை அவர்கள் முகவரி சொல்லிக் கொடுக்கவில்லை. ஆஸ்வேர்ட் என்ற சேவையின் 1-ஆம் எண்ணைக் கூப்பிட்டுக் கேள், விநாடியில் நூறில் ஒரு பங்காக எண்ணித் தருகிறோம் என்றார்கள். நேரே முகவரியில் கை வைக்காதே என்பது அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம். காரணம் ட்யூப். அந்த இணைப்பில் இரண்டாவது பிராசசர் ஒன்றைச் செருகினால், உங்கள் புரோகிராம் அந்தப் பெட்டியின் தனி மெமரியில் ஓடும். கீபோர்ட், திரை, டிஸ்க் எல்லாம் பழைய பெட்டியில். அப்போது உங்கள் லூப் பூஜ்யத்திலிருந்து அழித்துக்கொண்டு போனாலும் பழைய பெட்டியின் ஜீரோ பேஜுக்கு ஒன்றும் ஆகாது. அங்கே ஒரு பைட்டைப் படிக்க ஆஸ்வேர்ட் 5, எழுத ஆஸ்வேர்ட் 6 என்று கேட்டுத்தான் போக வேண்டும். ஒரு 8 பிட் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இவ்வளவு சுத்தமான பிரிவு கிடைத்தது பெரிய விஷயம்.

சின்க்ளேர் ஸ்பெக்ட்ரமில் அடியில் 16 கேபி ரோம். அதன் பிராசசரான இசட்80-க்குத் தொடக்கம் பூஜ்யத்தில் என்பதால் ரோமை அங்கேயே வைத்துவிட்டார்கள். எழுதினால் எங்கும் போகாது, தப்பும் தெரியாது. கெடக்கூடிய சிஸ்டம் மாறிகள் 23552-இல் ராமில் திறந்த வெளியில் கிடந்தன. கடிகாரம் 23672 முதல் மூன்று பைட், விநாடிக்கு 50. அதை பேசிக்கின் போக் கட்டளையால் மாற்றி விளையாடாத ஸ்பெக்ட்ரம்காரர் இல்லை. கொமொடோர் 64-இல் 0-உம் 1-உம் மெமரியே இல்லை, 6510 பிராசசரின் சொந்த போர்ட். அங்கே தவறாக ஒரு எண் விழுந்தால் பேசிக் ரோமும் கெர்னல் ரோமும் கண்ணுக்குத் தெரியாமல் போய், இயந்திரம் அப்படியே நிற்கும். கடிகாரம் 160 முதல் 162 வரை ஜீரோ பேஜில். சின்க்ளேர் க்யூஎல் 68000 குடும்பத்து 68008 வைத்திருந்தும் அடியில் ரோமையே வைத்தது.

68000 குடும்பத்தில் எஸ்டிக்கு எதிர்ப்பக்கம் நிற்பவை மேக்கின்டோஷும் அமிகாவும். 1984 மேக்கில் அடியில் சிஸ்டத்தின் குளோபல் மாறிகள் நிறைந்திருந்தன. விநாடிக்கு 60 தடவை கூடும் டிக்ஸ் என்ற கடிகார எண் 362-இல். உங்கள் எஸ்டியில் 1210-க்குப் போட்ட பூட்டு அங்கே இல்லை, ஏனென்றால் மேக் எல்லா அப்ளிகேஷனையும் சூப்பர்வைசர் மோடிலேயே ஓட்டியது. பிராசசர் கொடுத்த பிரிவை அவர்கள் பயன்படுத்தவே இல்லை. வேகமும் எளிமையும் கிடைத்தது, ஆனால் ஒரு நல் பாயின்டர் எழுத்து வெக்டரை அழித்தால் தடுக்க ஆள் இல்லை.

அமிகா கதை இன்னும் சிக்கலானது. அதில் புரோகிராம்கள் யூசர் மோடில்தான் ஓடின, ஒரே நேரத்தில் பல புரோகிராம்களும் ஓடின. ஆனால் அடிப்பகுதியை மூட ஹார்ட்வேரில் எதுவும் செய்யவில்லை. முழுசாக மூடவும் முடியாது, ஏனென்றால் முகவரி 4-இல் எக்ஸெக்பேஸ் இருக்கிறது. எந்த அமிகா புரோகிராமும் ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கண்டுபிடிக்க முதலில் அந்த 4-ஐத்தான் படிக்கும். அதற்கும் மேல், புரோகிராம்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புவது பாயின்டரைக் கைமாற்றித்தான். எல்லோர் மெமரியும் எல்லோருக்கும் திறந்திருந்தால்தான் அந்த வேகம் வரும். அந்த வேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன், 7 மெகாஹெர்ட்ஸில் அவர்கள் செய்து காட்டியது அபாரம். ஆனால் பூஜ்ய முகவரியில் பெரும்பாலும் பூஜ்யமே இருந்ததால், நல் பாயின்டரைப் படிக்கும் புரோகிராம்கள் வருடக்கணக்கில் தப்பு வெளியே தெரியாமல் ஓடின. எங்கோ வேறிடத்தில் இயந்திரம் விழுந்ததைச் சொல்லும் குரு மெடிடேஷன் என்ற சிவப்புப் பெட்டி வரும். பின்னால் மெமரியை உண்மையாகவே பூட்டக்கூடிய எம்எம்யூ உள்ள 68030 போன்ற சிப்புகள் வந்தபோது என்ஃபோர்சர் என்ற கருவியை எழுதினார்கள். அடிப்பகுதியை மூடிவிட்டு, 4-ஐ லாங்வேர்டாக (4 பைட்டாக) படிப்பதை மட்டும் அனுமதித்து, மற்ற எல்லாத் தொடுதலையும் பதிவு செய்யும். நன்றாக ஓடுகிறது என்று நினைத்திருந்த புரோகிராம்களில் அது வரிவரியாகத் தப்பைக் காட்டியது. எஸ்டிகாரர்களுக்கு அந்தச் சேவை முதல் நாளிலிருந்தே இலவசமாகக் கிடைத்தது.

எஸ்டியும் இதற்கு மேல் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2048-க்கு மேலே ஒரு புரோகிராம் இன்னொன்றின் மெமரியை அழிக்கலாம், திரையை அழிக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். புரோகிராமுக்குப் புரோகிராம் காவல் என்பது 68030 வைத்த டிடி, ஃபால்கன் என்ற பிந்தைய அட்டாரி இயந்திரங்களில் மின்ட் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஓட்டும்போதுதான் வந்தது. ஆனால் அடிப்பகுதியை மூடி வைக்கும் பழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. உங்கள் மடிக்கணினியில் ஓடும் லினக்ஸில் எம்மேப் மின் அட்ரஸ் என்று ஒரு அமைப்பு உண்டு. சாதாரண புரோகிராம் அதற்குக் கீழே மெமரியைப் பொருத்தவே முடியாது.

இப்போது உங்கள் போர்ட். 2048 என்பது 2-இன் 11-ஆம் அடுக்கு. ஆகவே ஏ11 முதல் ஏ23 வரை 13 முகவரிக் கோடுகளும் பூஜ்யமாக இருந்தால் முகவரி காவல் பகுதிக்குள் இருக்கிறது. அதோடு எஃப்சி2 பூஜ்யம், 'முகவரி தயார்' என்று சொல்லும் அட்ரஸ் ஸ்ட்ரோப் இயக்கத்தில். இந்த 15 சிக்னலும் ஒரே ஒரு ஆண்ட் சமன்பாடு. நாமே லாஜிக்கை எழுதிக்கொள்ளும் கேல் 22வி10 சிப் ஒன்றில் வசதியாக உட்காரும், மீதிக் கால்களில் ராம், ரோம் டிகோடிங்கும் செய்துகொள்ளலாம். எஃப்சி கோடுகளும் முகவரியும் ஸ்ட்ரோப்புக்கு முன்னாலேயே நிலைத்துவிடும் என்பதால் இடையில் பொய் சிக்னல் வரும் பயம் வேண்டாம். கேல் கிடைக்காவிட்டால் 2048-ஐ விட்டுவிட்டு 64 கேபியை மூடுங்கள், 8 கோடுகள் போதும், சாதாரண 74 வரிசை சிப்புகளிலேயே முடிந்துவிடும். இடம் வீண்தான், பழகுவதற்கு நல்லது.

பலர் சறுக்கும் இடம் இனிமேல்தான். பஸ் எரரை இழுத்துவிட்டால் காவல் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பஸ் எரர் பிராசசருக்குத்தான் செய்தி, ராம் சிப்புக்கு அது தெரியாது. ராமை இயக்கும் சிப் செலக்டும் எழுத அனுமதிக்கும் ரைட் எனேபிளும் அதே நேரத்தில் இயங்கினால், பிராசசர் 'தப்பு' என்று புரிந்துகொள்வதற்குள் டேட்டா ராமில் எழுதப்பட்டிருக்கும். குண்டும் வரும், வெக்டரும் கெட்டிருக்கும். ஆகவே காவல் சமன்பாடு உண்மையாகும்போது ராம் சிப் செலக்டை அடைத்துவிட வேண்டும். 'டேட்டா தயார்' என்று பிராசசருக்குச் சொல்லும் டீடேக் சிக்னலும் அந்த பஸ் சுழற்சியில் (ஒரு தடவை மெமரியைத் தொடும் வேலையில்) வரக்கூடாது. ஹால்ட் காலை உயர்த்தியே வையுங்கள். பஸ் எரரும் ஹால்ட்டும் சேர்ந்து இழுக்கப்பட்டால் 68000 அந்தச் சுழற்சியைத் திரும்பவும் ஓட்டப் பார்க்கும்.

ரீசெட்டுக்கு எஸ்டி மாதிரி 8 பைட்டை ரோமுக்குக் கொடுக்கலாம். அல்லது ஒரு ஷிஃப்ட் ரெஜிஸ்டரால் ரீசெட்டுக்குப் பிறகு முதல் நான்கு பஸ் சுழற்சிகளை எண்ணி, அதுவரை ரோமைப் பூஜ்யத்தில் காட்டிவிட்டு அப்புறம் விலக்கலாம். 8 பைட், நான்கு வேர்ட், நான்கு சுழற்சி. நான் எஸ்டி வழியைத்தான் சொல்வேன். பூஜ்யத்தில் சூப்பர்வைசர் கோட் எழுதினாலும் பிடிக்கும் வசதி அதில்தான் கிடைக்கிறது. போர்டைச் சோதித்து இயக்கும் உங்கள் சொந்த மானிட்டர் புரோகிராமில் தப்பு தேடும் காலத்தில் அது கைகொடுக்கும். அதற்கு அந்த 8 பைட்டில் எழுதும் சுழற்சிக்கு எஃப்சி2 எதுவாக இருந்தாலும் பஸ் எரர் என்று இன்னொரு சமன்பாடு சேருங்கள்.

பஸ் எரர் ரொட்டீன் எழுதும்போது ஸ்டாக்கில் 14 பைட் வந்திருக்கும். முதல் வேர்டில் எஃப்சி எண்ணும், படித்ததா எழுதியதா என்பதும், 2-ஆம் பைட்டிலிருந்து தப்பு நடந்த முகவரி, 6-இல் கட்டளை, 8-இல் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர், 10-இலிருந்து புரோகிராம் கவுன்டர். கடைசியாகச் சொன்னதை அப்படியே நம்பாதீர்கள். 68000 முன்கூட்டியே கட்டளைகளைப் படித்துவிடுவதால் அது 2 முதல் 10 பைட் வரை தள்ளி இருக்கும். இதனாலும், பாதியில் நின்ற கட்டளையின் உள்நிலையை முழுதாகச் சேமிக்காததாலும், 68000-இல் பஸ் எரருக்குப் பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது, செய்தி காட்டிவிட்டுப் புரோகிராமை முடிப்பதுதான் வழி. தொடர வேண்டும் என்றால் 68010 வாங்குங்கள், கால் அமைப்பு ஒன்றுதான். அதில் வெக்டர் அட்டவணையையே வேறு இடத்துக்கு மாற்றும் ரெஜிஸ்டரும் உண்டு. அப்போதும் அடிப்பகுதியை மூடியே வையுங்கள், நல் பாயின்டருக்காக.

சூப்பர்வைசர் ஸ்டாக் நல்ல ராமில் இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். பஸ் எரர் விவரத்தை எழுதப் போகும் இடத்திலேயே இன்னொரு பஸ் எரர் வந்தால் பிராசசர் நின்றுவிடும், ரீசெட்தான் கதி.

கடைசியாக, வீட்டில் போர்ட் செய்கிற நிறையப் பேர் மறப்பது: ரீசெட்டில் 68000 சூப்பர்வைசர் மோடில்தான் எழுந்திருக்கும். நீங்கள் யூசர் ஸ்டாக்கை அமைத்துவிட்டு, ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரின் 13-ஆம் பிட்டை அழித்தால்தான் யூசர் மோடுக்கு இறங்கும். அதைச் செய்யாவிட்டால் எவ்வளவு நன்றாக வயர் செய்திருந்தாலும் காவல் சும்மா உட்கார்ந்திருக்கும்.

சோதிக்கும்போது யூசர் மோடுக்கு இறங்கி முதலில் 2048-இல் ஒரு வேர்ட் எழுதுங்கள், எதுவும் நடக்கக் கூடாது. அடுத்து 2046-இல் எழுதுங்கள். பஸ் எரர் ரொட்டீனுக்குள் நுழைந்ததும், அங்கிருந்தே 2046-ஐப் படித்து, பழைய மதிப்பு அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் சிப் செலக்ட் சமன்பாட்டைத் திருப்பிப் பாருங்கள். மாறாமல் இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள் தம்பி, அம்பாசமுத்திரம் வந்து அந்த போர்டை ஒரு தடவை பார்க்க வேண்டும்.